வாசகர் கேள்வி: ‘ஒரு நாளைக்கு இருபது தடவை ஆக்ஸிமீட்டர் பார்க்கிறேன்’

2021 ஜூன் இரண்டாவது வாரத்தில் தஞ்சை மாவட்டத்து ஊர் ஒன்றிலிருந்து வந்த கடிதம் இது; பதிலும் அப்போதைய நிலவரப்படி எழுதியது. ஆறு பக்கம், நீல மையில் கையெழுத்து, ஓர் அடித்தல் கிடையாது. ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். எழுதியவர் யாரென்று தெரியாமலிருக்கச் சில விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

அவருக்கு 61 வயது. அஞ்சல் துறையில் 37 வருடம் வேலை பார்த்தவர். மனைவி 2018-ல் இறந்துவிட்டார். ஒரே மகள், கல்யாணமாகி பெங்களூரில் இருக்கிறார். 2020 மார்ச் கடைசியில் நாடே அடைத்துக் கிடந்தபோது இவர் தினமும் கவுன்ட்டரில் உட்கார்ந்து முதியோர் பென்ஷன் பணம் எண்ணிக் கொடுத்திருக்கிறார். ஏப்ரல் 30-ம் தேதி ஓய்வு. மாலை இல்லை, விருந்து இல்லை, சாவியை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்ததோடு சரி. அதற்கப்புறம் வீடுதான். முதல் அலை ஓய்ந்தபோது சாயங்கால நடைக்கு மட்டும் ஒரு நண்பரோடு போயிருக்கிறார். இந்த மார்ச் கடைசியில் அதுவும் நின்றது. மே மாதம் அந்த நண்பரைக் கொரோனா கொண்டுபோனது. இறப்பதற்கு மூன்று வாரம் முன்பு நண்பர் வீட்டு வாசலில் வந்து கூப்பிட்டபோது, உள்ளே இருந்துகொண்டே இவர் கதவைத் திறக்கவில்லை. சாவுக்கும் போகவில்லை.

காரியம் முடிந்த வாரம் ஒரு ராத்திரி, இரண்டு மணிக்கு, நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, விரலெல்லாம் மரத்துப்போய், இதோ முடிந்தது என்று நினைத்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, இதயத்தில் ஒன்றுமில்லை, கேஸ் (வாயுத் தொல்லை) என்று அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து வாரம் இரண்டு மூன்று முறை அதே மாதிரி வருகிறது. பால் பாக்கெட்டை சோப்புத் தண்ணீரில் கழுவி, நான்கு மணி நேரம் வாசலில் வைத்துவிட்டுத்தான் எடுக்கிறார் (பாதி நாள் திரிந்துவிடுகிறதாம்). வேளைக்கு ஒரு முறை ஆவி, ஒரு நாளைக்கு மூன்று குளியல். ஆக்ஸிமீட்டர் இருபது முறை. ஒரு நோட்டில் கோடு போட்டு மாவட்டத்தின் அன்றைய தொற்று, இறப்பு, தன்னுடைய ஆக்ஸிஜன், காய்ச்சல் எல்லாவற்றையும் எழுதிவைக்கிறார். தூக்கத்துக்குப் பிப்ரவரியிலிருந்து அல்பிரசோலம் அரை மில்லிகிராம், மருந்துக்கடையில் நேராகவே வாங்கிப் போடுகிறார்.

கேள்விகளை எண் போட்டுக் கேட்டிருக்கிறார். ஒன்று, எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா? இரண்டு, தடுப்பூசி போட்டுக்கொள்ளலாமா? மூன்று, மனநல டாக்டரைப் பார்த்தால் பென்ஷனுக்கும் சொத்துக்கும் சிக்கல் வருமா? நான்கு, வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய் இருந்துவிடட்டுமா? கடைசிப் பக்கத்து ஓரத்தில், எண் இல்லாமல், சின்ன எழுத்தில் ஒரு வரி: ‘சில நாள் ராத்திரி, காலையில் கண் விழிக்காமல் போனால் தேவலை என்று இருக்கிறது.’

அன்புள்ள ஐயா,

எண் போடாத அந்த வரியிலிருந்து ஆரம்பிக்கிறேன். மற்ற நான்கும் காத்திருக்கலாம், இது காத்திருக்கக் கூடாது.

தூங்கினால் விழிக்காமல் போனால் போதும் என்ற நினைப்பு, நெடுநாள் தனிமையிலும் துக்கத்திலும் இருப்பவர்கள் பலரும் என்னிடம் சொன்னதுதான். சொல்லிவிட்டால் பாதி பாரம் குறையும், அதனால் எழுதியது நல்லதாகப் போயிற்று. ஆனாலும் நான் நேராகக் கேட்டாக வேண்டும். விழிக்காமல் போனால் தேவலை என்பதோடு நிற்கிறதா, அல்லது நானே ஏதாவது செய்துகொள்ளலாமா என்றும் தோன்றுகிறதா? எப்படி என்று யோசித்ததுண்டா? இரண்டாவதற்கு ‘ஆமாம்’ என்றால் இந்தப் பதிலை மேலே படிக்க வேண்டாம். ராத்திரியில் ஆட்டோவை எடுத்தாரே பக்கத்து வீட்டுக்காரர், அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொண்டு, மகளுக்குப் போன் செய்துவிட்டு, இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசின் சுகாதார உதவி எண் 104-ல் எந்த நேரமும் பேசலாம். மத்திய அரசின் ‘கிரண்’ உதவி எண் 1800-599-0019 (இது 2021-ல் இருந்த எண்; இப்போது அதன் இடத்தில் ‘டெலி-மானஸ்’ 14416). சென்னையில் 1986-லிருந்து இயங்கும் ‘சினேகா’வின் எண் 044-24640050. தற்கொலை எண்ணத்தோடு அழைப்பவர்களிடம் பேசுவதற்கென்றே இருப்பவர்கள் அவர்கள். பேர், ஊர் சொல்லத் தேவையில்லை.

முதலாவதோடு நிற்கிறது என்றாலும் ஒரு காரியம் செய்யுங்கள். அலமாரியில் ஐந்தாறு அட்டை அல்பிரசோலம் சேர்த்து வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், கடை மூடிவிட்டால் என்ன செய்வது என்று. ஒரு வாரத்துக்கானதை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள். காரணம் கேட்டால், ஞாபகமறதியில் இரண்டு தடவை போட்டுவிடுகிறேன் என்று சொல்லுங்கள், போதும்.

அந்த ராத்திரி நடந்தது

உங்களுக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. அன்றைக்கு வந்தது மாரடைப்பும் இல்லை, கேஸும் இல்லை. ‘கேஸ்’ என்பது நம் ஆஸ்பத்திரிகளில் காரணம் தெரியாத எல்லாவற்றுக்கும் வைக்கிற பேர். நீங்கள் எழுதியிருப்பது அச்சு அசலாகப் பீதித் தாக்குதல், ஆங்கிலத்தில் பானிக் அட்டாக் என்பார்கள்.

பாம்பைக் கண்டால் உடம்பு என்ன செய்யுமோ அதை, பாம்பு இல்லாமலே செய்துவிடுகிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, ஓடத் தயாராக மூச்சு வேகமாகிறது. ஆனால் நீங்கள் ஓடவில்லை, கட்டிலில் படுத்திருக்கிறீர்கள். தேவைக்கு மேல் மூச்சு விடும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துபோகிறது. விரல் மரத்துப்போவது, உதட்டைச் சுற்றி எறும்பு ஊறுவது, தலை கிறுகிறுப்பது எல்லாம் அதனால்தான். உங்கள் நோட்டையே எடுத்துப் பாருங்கள். மூச்சே இல்லை என்று நீங்கள் எழுதியிருக்கும் நேரத்தில் ஆக்ஸிஜன் 98, 99 என்று இருக்கிறது. மூச்சு போதாமல் திணறியவருக்கு 99 வராது. உங்களுக்கு மூச்சு கூடிப்போயிருக்கிறது.

இது பொதுவாகப் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், அப்புறம் தானாகவே இறங்கும். வரும்போது மூச்சை இழுத்து இழுத்து நிரப்பப் பார்க்காதீர்கள். மூக்கால் நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். கவனம் விடுவதில் இருக்கட்டும். எழுந்து உலாத்த வேண்டாம், யாருக்கும் போன் செய்ய வேண்டாம், ஆக்ஸிமீட்டரைத் தேட வேண்டாம். கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நோட்டில் எழுத உங்களுக்கு ஒரு நல்ல விஷயம் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. உங்களுக்கு 61 வயது, ரத்த அழுத்தம் இருக்கிறது. இனி எது வந்தாலும் பீதிதான் என்று நீங்களே முடிவு கட்டிவிடக் கூடாது. படியேறும்போதோ நடக்கும்போதோ நெஞ்சில் பாரம் வந்து உட்கார்ந்தால் குறைவது, வலி இடது கைக்கோ தாடைக்கோ போவது, குப்பென்று வியர்ப்பது, மயக்கம் இதில் ஏதாவது இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். ஒரு தடவை தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை, சோடியம் நான்கும் பார்த்துவிடுங்கள். தைராய்டு கூடினாலும் இதே படபடப்பு வரும்.

போன வருட ஏப்ரலில் இல்லாத பயம் இப்போது ஏன்?

உங்கள் கடிதத்திலேயே நான் அதிக நேரம் நின்ற இடம் இது. ‘நோயைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாத காலத்தில், வரிசையில் நிற்கிற அத்தனை பேரோடும் பேசிக்கொண்டு பணம் எண்ணினேன். அப்போது பயமே இல்லை. இப்போது ஆளே வராத வீட்டில் நடுங்குகிறேன். கோழையாகிவிட்டேனா?’ என்று கேட்கிறீர்கள்.

அன்றைக்கு உங்களுக்கு வேலை இருந்தது. ஒரு நாளில் நூறு முகம் பார்த்தீர்கள். ‘சார், மழை வருமா சார்’ என்று கேட்டவருக்கு ஒரு பதில் சொன்னீர்கள். சாயங்காலம் கணக்கு முடித்தால் அந்த நாள் முடிந்தது. ஏப்ரல் 30-ம் தேதி இத்தனையும் ஒரே நாளில் நின்றுபோயிற்று. வேறு வருடமாக இருந்தால் கோயில், கல்யாணம், பெங்களூர்ப் பயணம் என்று ஏதாவது வந்து அந்த இடத்தை நிரப்பியிருக்கும். உங்களுக்குக் கிடைத்தது டி.வி. ஆட்கள் இல்லாத வீட்டில் தன் உடம்பைத் தவிரக் கவனிக்க வேறொன்றும் இல்லாதபோது, மனசு உடம்பைத்தான் உற்றுக் கேட்கும். யாருடைய இதயமும் நாளுக்கு நாலு தடவை தாளம் தப்பும். கவுன்ட்டரில் இருந்த ஆளுக்கு அது கேட்டிருக்காது.

‘சமூக இடைவெளி’ என்ற சொல்லும் நமக்குக் கெடுதல் செய்தது என்று நினைக்கிறேன். அரசாங்கமே பிறகு ‘தனிநபர் இடைவெளி’ என்று சொல்ல ஆரம்பித்தது. உடம்புக்கும் உடம்புக்கும் நடுவே ஆறடி வேண்டும் என்பதுதான் விஷயம். நீங்கள் அந்த ஆறடியோடு, தெருவையே தள்ளி வைத்துவிட்டீர்கள். பக்கத்து வீட்டுக்காரரோடு அந்த ராத்திரிக்கு அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அவருக்கு அது எப்படி இருக்கும்?

பால் பாக்கெட், ஆக்ஸிமீட்டர், நோட்டு

2020 ஏப்ரலில் நானும் மளிகைச் சாமானை மொட்டை மாடி வெயிலில் காயவைத்தவள்தான். அப்போது தெரிந்தது அவ்வளவு. ஒரு வருடத்தில் நிறையத் தெரிந்துவிட்டது. பொருள்களைத் தொட்டுத் தொற்றுவது மிகவும் அரிது. ஒரு தடவை தொடுவதில் தொற்றும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் இந்த ஏப்ரலில் சொல்லியிருக்கிறது. வழி காற்றுதான், அதிலும் அடைத்த அறையின் காற்று. அதனால் பாலை எடுத்துக் காய்ச்சுங்கள், கையை சோப்பால் கழுவுங்கள், முடிந்தது. ஜன்னலைத் திறங்கள். ஒரு வருடமாகத் தெருப்பக்க ஜன்னலைச் சாத்தி வைத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். உங்கள் வீட்டில் திண்ணை இருக்கிறது! இந்தக் காலத்துக்கு அதைவிட நல்ல வரவேற்பறை எந்த அடுக்குமாடியிலும் இல்லை. திறந்த காற்று, இரண்டு பக்கமும் இடம், முகக்கவசம் போட்ட இரண்டு பேர் ஆளுக்கொரு திண்ணையில் உட்கார்ந்து பேசலாம். ஆவி பிடிப்பதால் இந்தக் கிருமி சாகாது. முகம் வெந்து வருகிறவர்களைத்தான் அது மருத்துவர்களான எங்களிடம் அனுப்புகிறது.

ஆக்ஸிமீட்டர் விரலுக்குள் வெளிச்சத்தைப் பாய்ச்சிக் கணக்குப் போடும் கருவி. இரண்டு புள்ளி முன்னே பின்னே காட்டும். விரல் ஜில்லிட்டிருந்தால், மருதாணி இருந்தால், கை நடுங்கினால் தப்பாகக் காட்டும். பயத்தில் விரல் ஜில்லிடும், நடுங்கும். நீங்கள் 93 என்று சிவப்பு மையில் எழுதியிருக்கும் மூன்று தடவையும் ஐந்து நிமிடம் கழித்து 97 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

பார்த்தவுடன் ஒரு நிம்மதி வருகிறதே, அங்கேதான் கோளாறு. அந்த நிம்மதி ஒரு மணி நேரம் தாங்குகிறது, அப்புறம் மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும், பார்த்ததால்தான் பிழைத்தோம் என்று மனசு ஒரு ரசீது போட்டுக்கொள்கிறது. பார்க்காமல் இருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று கற்றுக்கொள்ள அதற்குச் சந்தர்ப்பமே நீங்கள் கொடுக்கவில்லை. பாக்கெட் கழுவுவது, மூன்று குளியல், கதவைத் திறக்காமலிருப்பது எல்லாம் இதே சங்கதிதான். பயத்துக்காகச் செய்கிற காரியங்கள் பயத்துக்குத் தீனியாகிவிட்டன.

இந்த வாரம் பத்து முறை, அடுத்த வாரம் நான்கு, அதற்கடுத்த வாரம் பூஜ்யம் என்று குறையுங்கள். காய்ச்சல், இருமல், வாசனை தெரியாமை என்று ஏதாவது வந்தால் அப்போது ஒரு நாளைக்கு மூன்று முறை பாருங்கள். கையைத் தேய்த்துச் சூடாக்கி, ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு பார்த்து, இரண்டு முறையும் 94-க்குக் கீழே இருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். அதுவரை அந்தக் கருவியும் பக்கத்து வீட்டிலேயே இருக்கட்டும்.

உங்கள் மகளுக்கும் இதில் பங்கு இருக்கிறது. காலையும் மாலையும் ரீடிங்கைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறார். தூரத்தில் இருக்கும் மகளுக்கு வேறு வழி தெரியவில்லை, அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அப்பாவும் மகளும் பேசிக்கொள்வது 97, 98 என்ற அளவில் வந்து நின்றுவிட்டது. ‘நல்லா இருக்கேன்மா’ என்று தினமும் நீங்கள் சொல்வது பொய் என்று அவருக்கும் தெரிந்திருக்கும். இந்தப் பதிலை அவருக்கு அனுப்பிவிடுங்கள். ரீடிங்குக்குப் பதிலாகப் பேரனைப் போனில் பிடித்துத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுங்கள். உங்கள் கையெழுத்தும் வீணாகாது.

நோட்டை நிறுத்தச் சொல்ல மாட்டேன். 37 வருடம் நாள் கணக்கு எழுதிய கை, நிறுத்தச் சொன்னால் நிற்காது. கட்டத்தை மட்டும் மாற்றுங்கள். மாவட்டத் தொற்று, இறப்பு இரண்டையும் எடுத்துவிடுங்கள். மே 21-ம் தேதி தமிழ்நாட்டில் 36 ஆயிரத்தைத் தாண்டிய தினசரி எண்ணிக்கை இப்போது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக இறங்கியிருக்கிறது. அது இறங்கிய ஒவ்வொரு நாளும் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், உங்கள் பயம் அதோடு சேர்ந்து இறங்கவில்லை. எனவே அந்தக் கட்டத்தால் உங்களுக்குப் பயனில்லை. புதிதாக இப்படிக் கோடு போடுங்கள்: இன்று செய்த காரியம், ஆரம்பத்தில் பயம் பத்துக்கு எத்தனை, கடைசியில் எத்தனை, எத்தனை நிமிடம்.

காரியங்கள் சின்னதிலிருந்து போகட்டும். முதல் இரண்டு மூன்று நாள் தெருக்கதவைத் திறந்து வைத்துப் பத்து நிமிடம். அடுத்து திண்ணையில் கால் மணி நேரம். அடுத்து, வீட்டு வாசலுக்கு வருகிறதே காய்கறி வண்டி, அதில் நீங்களே இறங்கிப்போய்க் கத்தரிக்காய் பொறுக்குவது. அப்புறம் தெருமுனை வரை. அப்புறம் ரேஷன் கடை. முகக்கவசம் எப்போதும் போட்டுக்கொள்ளுங்கள். அது பயத்தின் தீனியில் சேராது, இன்றைக்கு அவசியமான காரியம். நம் பக்கம் இன்னும் ஊரடங்குத் தளர்வு குறைந்த 11 மாவட்டங்களில் இருக்கிறது, டீக்கடைகூடத் திறக்கவில்லை. ஒரு விதத்தில் உங்களுக்கு வசதி. தெரு காலியாக இருக்கும்போதே ஆரம்பித்துவிடலாம். ஒவ்வொரு படியிலும் பயம் ஏறும். ஏறினவுடன் உள்ளே ஓடிவந்துவிட்டால் நாளைக்கு இன்னும் கஷ்டம். எட்டில் ஆரம்பித்தது நான்குக்கு இறங்கும் வரை அங்கேயே இருங்கள்.

தடுப்பூசி

மார்ச் 1-ம் தேதியிலிருந்து உங்கள் வயதுக்காரர்களுக்குப் போடுகிறார்கள். ஏப்ரலில் டோக்கன் வாங்கியிருந்தீர்கள், நடிகர் விவேக் இறந்த செய்தி வந்ததும் கிழித்துப் போட்டுவிட்டீர்கள். அந்த வாரம் டோக்கனைக் கிழித்தவர்கள் தமிழ்நாட்டில் நிறையப் பேர். ஏப்ரல் 15-ம் தேதி மருத்துவமனைக்கு வந்து, எல்லாரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லி ஊசி போட்டுக்கொண்டவர், 17-ம் தேதி விடிகாலையில் இல்லை என்றால் யாருக்கும் கலங்கும். அவருக்குச் சிகிச்சை தந்த மருத்துவர்கள் அப்போதே சொன்னார்கள், இதய ரத்தக்குழாய் ஒன்றில் முழு அடைப்பு, ஊசியோடு இதற்குத் தொடர்பில்லை என்று. ஊசியே போடாத காலத்திலும் தினமும் மாரடைப்பு வந்துகொண்டுதான் இருந்தது. லட்சக்கணக்கானவர்கள் ஊசி போட்டுக்கொள்ளும் நாள்களில் சிலருக்கு அது மறுநாள் வரத்தான் செய்யும்.

ஊசிக்குப் பக்கவிளைவே கிடையாது என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு நாள் காய்ச்சல், உடம்பு வலி பலருக்கும் வரும். கடுமையானது மிக மிக அரிது. அதற்கெதிரே, 61 வயதில் ரத்த அழுத்தத்தோடு இந்த நோய் வந்தால் இருக்கிற ஆபத்தை வைத்துப் பார்த்தால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. போட்டுக்கொள்ளுங்கள். பதற்றமோ அதற்கான மாத்திரையோ ஊசிக்குத் தடையில்லை. ரத்த அழுத்த மாத்திரையை அன்றும் வழக்கம்போலப் போட்டு, சாப்பிட்டுவிட்டுப் போங்கள். ஊசி இருக்கிறதா என்று காலையிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள், இந்த மாதம் பாதி நாள் இருப்பதில்லை. போட்ட பிறகு அரை மணி நேரம் உட்காரச் சொல்வார்கள். அந்த அரை மணியில் உங்களுக்குப் படபடப்பு வர வாய்ப்புண்டு. இது எனக்கு வழக்கமாக வருவது என்று நர்ஸிடம் முன்னாலேயே சொல்லிவிட்டால் இரண்டு பேரும் பதறாமல் இருக்கலாம். கோவிஷீல்டு என்றால் அடுத்தது 12 முதல் 16 வாரத்துக்குள், கோவேக்சின் என்றால் 4 முதல் 6 வாரத்துக்குள்.

மாத்திரையும் மனநல மருத்துவரும்

‘மனநல டாக்டரிடம் போனால் அடிமையாக்கும் மாத்திரை கொடுத்துவிடுவார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஐயா, கோபித்துக்கொள்ளக் கூடாது. பழக்கமாகிவிடும் என்று நாங்கள் பயப்படுகிற மாத்திரையை நீங்கள் யாரையும் கேட்காமல் நான்கு மாதமாகப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் அதை விற்கவே கூடாது. தினமும் போட்டால் சில வாரங்களிலேயே உடம்பு அதற்குப் பழகிவிடும், அப்புறம் அதன் வேகம் இறங்கும் நேரத்தில் படபடப்பு கூடும். உங்களுக்கு வருகிற பகல் நேரப் பதற்றத்தில் ஒரு பங்கு இதனாலேயே இருக்கலாம். வயதானவர்களுக்கு மறதியும் தரும், ராத்திரி எழுந்திருக்கும்போது தள்ளாடி விழவும் வைக்கும்.

அதற்காக நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று விட்டால் தூக்கம் அறவே போகும், நடுக்கம் வரும், சிலருக்கு வலிப்பே வரும். மருத்துவர் மேற்பார்வையில், வாரக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். அதற்குப் பதிலாக அவர் தரக்கூடியது எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் மாதிரி ஒன்று. இவற்றில் அந்த மாதிரி அடிமைத்தனம் இல்லை. ஆனால் இரண்டு முதல் நான்கு வாரம் கழித்துத்தான் பலன் தெரியும், முதல் வாரத்தில் பதற்றம் கொஞ்சம் கூடுவதுபோல்கூட இருக்கும். வயதானவர்களுக்கு, அதிலும் நீர் பிரிக்கிற ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு, இவற்றால் சோடியம் இறங்கலாம். சோடியம் பார்க்கச் சொன்னது அதற்காகத்தான். மாத்திரை இல்லாமல், மேலே சொன்ன படிப்படியான பயிற்சியை முறைப்படி பேசிச் செய்கிற சிகிச்சையும் உண்டு. உங்கள் நிலைக்கு இரண்டும் சேர்ந்தால் நல்லது என்பது என் அபிப்பிராயம்.

சொத்து, பென்ஷன் விஷயம். 2017-ம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. மனநோய் இருக்கிறது என்று மருத்துவர் எழுதுவதாலேயே ஒருவர் சித்த சுவாதீனம் இல்லாதவர் ஆகிவிட மாட்டார். அதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். உங்கள் சிகிச்சை விவரத்தை உங்கள் சம்மதமில்லாமல் வெளியே சொல்லக் கூடாது, சட்டம் சொல்கிற சில சந்தர்ப்பங்கள் தவிர. மருத்துவக் காப்பீடும் உடல் நோய்க்குத் தருவதுபோலவே மனநோய்க்கும் தர வேண்டும். பதற்ற நோய்க்கு மருந்து சாப்பிடுகிறார் என்று யாருடைய பென்ஷனும் நிற்காது. தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. உங்கள் பக்கத்தில் எங்கே எந்த நாள் மனநல மருத்துவர் வருகிறார் என்று 104-ல் கேட்டால் சொல்வார்கள்.

வீட்டை விற்பது

இப்போது வேண்டாம். நெஞ்சு படபடக்கிற காலத்தில் எடுக்கிற முடிவு, ராத்திரி இரண்டு மணிக்கு எடுக்கிற முடிவு மாதிரி. தூக்கம் திரும்பி வந்து ஆறு மாதம் போகட்டும். ஊரடங்கெல்லாம் தளர்ந்த பிறகு பெங்களூரில் ஒரு மாதம் இருந்து பாருங்கள். பத்தாவது மாடி, மகளும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு அறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வேலை, கன்னடம் பேசும் அக்கம்பக்கம். அது பிடித்தாலும் பிடிக்கலாம், பிடிக்காவிட்டால் திரும்பி வர ஒரு வீடு வேண்டும். அதுவரை மாடிப் போர்ஷனை வாடகைக்கு விடுவதைப் பற்றி யோசியுங்கள். வாடகையைவிட மாடிப்படியில் கேட்கிற காலடிச் சத்தம் உங்களுக்கு முக்கியம்.

ஒருவேளை எழுதிக் கொடுக்கும் நாள் வந்தால், வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுங்கள். 2007-ம் வருட மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-வது பிரிவு, கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, கவனிக்காவிட்டால் திரும்பப் பெற வழி வைத்திருக்கிறது. அந்த நிபந்தனை பத்திரத்திலேயே இருப்பது நல்லது. உங்கள் மகளைச் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை.

கடைசியாக உங்கள் நண்பர். கதவைத் திறக்காதது பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள், ஆறு பக்கத்தில் கால் பங்கு. மற்ற நான்கு கேள்விகளுக்கும் அடியில் இதுதான் கிடக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அன்றைக்குக் கதவைத் திறந்திருந்தால் அவர் பிழைத்திருக்க மாட்டார். நோய் அவருக்கு வந்தது அதற்கு இரண்டு வாரம் கழித்து, வேறெங்கிருந்தோ. சாவுக்கு இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது என்று உத்தரவு இருந்த மாதம் அது. இது உங்களுக்கும் தெரியும், தெரிந்தும் உறுத்துகிறது. அந்த உறுத்தலை நான் எழுதி எடுத்துவிட முடியாது. பத்து வருடம் தினமும் சேர்ந்து நடந்தவரை இழந்திருக்கிறீர்கள். அழவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். யாரோடு சேர்ந்து அழுவது? அவர் வீட்டில் அந்த அம்மாவும் இப்போது தனியாகத்தான் இருக்கிறார். நேரில் போக இன்னும் சில வாரம் ஆகலாம். போனில் சொல்ல வரவில்லை என்றால், இன்லேண்டு லெட்டர் ஒன்று உங்கள் மேஜையில் இல்லாமலா இருக்கும்? ஏன் வரவில்லை, என்ன பயந்தீர்கள், அவர் எப்படி நடப்பார், எந்த இடத்தில் நின்று மூச்சு வாங்குவார், எல்லாவற்றையும் எழுதுங்கள். அதைப் பெட்டியில் போட நீங்களே நடந்து போக வேண்டும். நோட்டில் அந்த நாளுக்கு அதுதான் காரியம்.

முதல் தடவை மருத்துவரிடம் போகும்போது இ.சி.ஜி. சீட்டு, ரத்த அழுத்த மாத்திரை, அல்பிரசோலம் அட்டை, அந்த நோட்டு, நான்கையும் கையில் கொண்டுபோங்கள். அந்த ஓரத்து வரியையும் அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆட்டோ பக்கத்து வீட்டுக்காரரிடமே கேளுங்கள். எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் என்று அன்று ராத்திரி சொல்லிவிட்டுத்தானே போனார்.